உயிரோடு இருப்பவரின் கதிரை

மகன், நேற்று ஞாயிறு பூசை முடிந்த பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் ஆர் ஆர் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருத்தரும் உனக்கு வேறு விதமாய்ச் சொல்லக்கூடாது. உன் அப்பா, வாசலைப் பார்த்த பெரிய கதிரையில். தேர்தல் நேரம் உனக்காக ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் திரிந்த ஜெறோம், இருக்கப் பொறுமையில்லாமல் தூணோடு சாய்ந்து. பாப்பாமோட்டை வாய்க்கால் விசயமாய் வழக்கமாக வருகிற கந்தசாமி அண்ணை. கொண்டச்சி நசீர் நானா, காணிக் கடதாசிகள் வைத்த பையோடு. பசாரில் தையற்கடை வைத்திருக்கிற யேசுதாசன், மடியில் ஒரு பார்சலோடு. குசினி வாசலில் நான். வேறு ஒருத்தரும் இல்லை. அவர்கள் எல்லாரும் கூடியது ஏனென்றால், எங்கள் எம்.பி. சந்தியோகு மாமா செத்துப்போனார் என்று நினைத்தார்கள்.

அவர் சாகவில்லை. நசீர் நானாதான் முதலில் கேட்டார், "ஆர் சொன்னது மௌத்தாகிட்டார் எண்டு?" அப்பா சொன்னார், "கோயிலில சுவாமியே பூசையில பேர் வாசிச்சவர்." நானாவுக்கு அது போதவில்லை. கொழும்பில் இருக்கிற தன் மருமகனுக்குப் போன் எடுத்து, அவன் மாமா கிடக்கிற ஆசுப்பத்திரியில் விசாரித்துத் திருப்பி எடுக்கும்வரை எல்லாரும் நானாவின் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நானா போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார், "மனுசன் இருக்கிறார். காலையில கண் முழிச்சுத் தண்ணி கேட்டவராம்." நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இனி எல்லாரும் எழும்பிப் போவார்கள் என்று நினைத்தேன், மகன். எழும்பவில்லை. கந்தசாமி அண்ணை கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "சரி, எப்பிடியும்..." என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கிவிட்டார். ஜெறோம்தான் சிரித்தான். "அப்ப இந்தக் கிழமை இல்லை, வாற கிழமை. அம்மா, எம்.பி.யின்ர தாய் இப்பிடி வெறுந் தேத்தண்ணி ஊத்தலாமோ? ரெண்டு பிஸ்கட்டாவது வையுங்கோ." அப்பா அவனை ஏசவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். நசீர் நானா மட்டும் செருப்பைத் தேடினார். "நான் பிறகு வாறன் தங்கச்சி. இது குந்தியிருக்கிற நேரமில்லை." அந்தக் கூட்டத்தில் ஒரு எம்.பி. அவசரமாய்த் தேவைப்படுகிறவர் அவர்தான். அவர்தான் எழும்பிப் போனார்.

யேசுதாசன் பார்சலை என்னிடம் நீட்டினார். "தம்பி போன கிழமையே அளவு அனுப்பினவர், அக்கா. வெள்ளை. கழுத்துப்பட்டி அவர் சொன்ன மாதிரியே வைச்சிருக்கு." பாராளுமன்றத்தில் சத்தியம் செய்யும்போது போடுகிற உடுப்பு. அளவு நீயே அனுப்பினாயாம். ஒரு மனுசன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடக்க, உன் கழுத்துக்கு எத்தனை அங்குலம் என்று நீ அளந்து அனுப்பியிருக்கிறாய். நான் வாங்கவில்லை. அப்பா வாங்கி அலுமாரிக்குள் என் சீலைகளின் மேல் வைத்தார். இன்று காலை நான் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தேவைப்படுகிற நாள் வந்தால் நீயே போய் வாங்கிக்கொள்.

கோயிலில் நடந்ததையும் நீ என் வாயால் அறிய வேண்டும், ஏனென்றால் ஜெறோம் அதைப் பகிடியாகச் சொல்லியிருப்பான். போன வெள்ளி நான், பூசையில் வாசிக்கிற பெயர்களை எழுதி வைக்கிற கோயில் மூப்பரிடம் ஒரு பூசைக் கருத்துக் கொடுத்தேன், சந்தியோகு மாமாவின் சுகத்துக்காக. மாமாவின் பெயரைச் சொன்னேன், எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னேன், சுகத்துக்கு என்றும் சொன்னேன். ஆனால் இது கார்த்திகை, ஆத்துமாக்களின் மாதம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தங்கள் செத்தவர்களின் பெயர்களைக் கொண்டுவந்து கொடுக்கிற நேரம். சனிக்கிழமை ஆரோ ஒரு புண்ணியவான் பேஸ்புக்கில் மாமாவின் படத்தைக் கறுப்பு றிபனோடு போட்டிருக்கிறான். மூப்பர் அதைப் பார்த்திருக்கிறார். பாவம், நல்ல மனதோடுதான், சுகத்துக்கு என்று இருந்த பெயரை எடுத்துச் செத்தவர்களின் பக்கத்தில் எழுதிவிட்டார். பூசை வைத்த சுவாமி ஊருக்குப் புதிசு, அவருக்கு ஆரைத் தெரியும்? நித்திய இளைப்பாற்றிக்காக என்று அவர் பெயரை வாசித்து, கருத்துக் கொடுத்தவர்கள் என்று எங்கள் வீட்டுப் பெயரையும் வாசித்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, மகன். பீடத்தை அல்ல, என்னை. மாமாவின் மனுசி பிலோமினா அக்காவின் தங்கச்சி மூன்று வாங்கு முன்னால் இருந்தவள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பூசை நடுவில் எழும்பி வெளியே போனாள். நான் எழும்பி, "இல்லை, அவர் இருக்கிறார்" என்று கத்தியிருக்க வேண்டும். நான் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். பின்னால் ஜெறோம் போனோடு முற்றத்துக்கு ஓடினான், ஆட்களைக் கூப்பிட.

மத்தியானம் பிலோமினா அக்கா ஆசுப்பத்திரியிலிருந்து எனக்குப் போன் எடுத்தா. மாமாவின் மனுசி எப்படிப் பேசுகிறவ என்று உனக்குத் தெரியும், சத்தம் போடத் தெரியாது. நேற்றும் போடவில்லை. "உங்கட வீட்டில இருந்து எங்களுக்கு இனிச் செபம் வேண்டாம், தங்கச்சி" என்றா. நான் மூப்பர் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன். "எனக்குத் தெரியும், நீங்கள் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை. ஆனா ஊர் கேட்டிட்டுது. நான் இந்தாளைக் கொண்டு உயிரோட ஊருக்கு வந்தாலும், செத்தவருக்கு வாசிச்சாச்சு எண்டுதான் பார்க்குங்கள்." பிறகு கேட்டா, "தம்பி கொழும்பிலதானாமே?" நான் ஓம் என்றேன். "இவர் நினைவு வாற நேரம் கேட்கிறவர், தம்பி வந்தவனோ எண்டு. நான் என்ன சொல்ல? நான் ஒவ்வொரு முறையும் வந்திட்டுப் போனவன், நீங்கள் நித்திரை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்." அதோடு போனை வைத்துவிட்டா.

இதற்காகத்தான் எழுதுகிறேன். நீ போனை எடுக்கிறாய் இல்லை. உன் சித்தியின் மகள் ஸ்ரெல்லா இன்று இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். உறையை ஒட்டவில்லை. அவள் வாசித்தாலும் வாசிக்கட்டும், கட்சி விடுதியில் உன்னோடு இருக்கிறவர்கள் வாசித்தாலும் வாசிக்கட்டும். நீ மேடையில் பேசினது எல்லாருக்கும் கேட்டது. உன் தாய் பேசுவதும் கேட்கட்டும்.

நீ இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் பிறந்தவன். நாங்கள் திரும்பி வந்து இங்கே கீரியில் தகரக் கொட்டில் போட்ட காலத்தில் உனக்கு இந்த நாட்டில் ஒரு பதிவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், அரச அலுவல் பார்க்கிற கச்சேரியில் கேட்டார்கள், எங்களிடம் இருந்தது இந்தியத் தாள் ஒன்று. அப்போது சந்தியோகு மாமா பிரதேச சபை உறுப்பினர் மட்டும்தான். காரும் இல்லை, பின்னால் திரிய ஆட்களும் இல்லை. அவர் எங்களோடு பஸ்ஸில் கொழும்புக்கு வந்தார். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். சிங்களத்தில் கதைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு கந்தோரில் இருந்த பெண், "ஆரின்ர பிள்ளை?" என்று சிங்களத்தில் கேட்டாளாம். "என்ர பிள்ளைதான்" என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்து எனக்குச் சொல்லிச் சிரித்தார், "தங்கச்சி, பிலோமினாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ." நீ அவர் தோளில் நித்திரையாய்க் கிடந்தாய், அவர் சேட்டு முழுக்க உன் வாய்நீர். அந்தப் பதிவால்தான் உனக்கு அடையாள அட்டை வந்தது. அந்த அட்டை இல்லாமல் நீ எந்த நியமனப் பத்திரத்திலும் கையெழுத்து வைத்திருக்க மாட்டாய்.

அவர் முதல் முறை பாராளுமன்றத்துக்குக் கேட்டுத் தோற்றது ஏன் என்று உனக்கு நினைவிருக்காது. இதை வெளியூர் ஆட்களும் வாசிக்கக்கூடும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். எங்கள் நாட்டில் முதலில் கட்சிக்கு நேரே புள்ளடிக் குறி போட வேண்டும், பிறகு அந்தக் கட்சியில் நிற்கிறவர்களின் இலக்கங்களில் விரும்பின மூன்று பேர் வரைக்கும் போடலாம். எங்கள் முகாம் சனத்துக்கு அதெல்லாம் புதிசு. மாமாவின் இலக்கத்தை மறக்கக்கூடாது என்று பெண்கள் எல்லாரும் உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு போனோம். எண்ணி முடிந்து அவர் தோற்ற பிறகு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். "எப்பிடிப் பிள்ளையள் போட்டனீங்கள்?" என்று கேட்டார். பக்கத்துக் கொட்டில் செபஸ்தியம்மா கையை விரித்துக் காட்டினாள், அந்த இலக்கம் இன்னும் அழியவில்லை. "இதுக்குத்தான் ஐயா, பிசகாமல்." "கட்சிக்கு?" "கட்சிக்கு என்னத்துக்கு? நாங்கள் உங்களுக்கெல்லோ போட்டனாங்கள்!" அத்தனை வாக்கும் செல்லாத வாக்கு. அவர் மணலில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒருத்தரையும் ஏசவில்லை. அடுத்த தேர்தலுக்கு எங்கள் குசினித் தகரத்தில் கரியால் கோடு கீறி, முதல் கட்சி, பிறகு ஆள் என்று வீடு வீடாய்ப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தார். அந்த முறை வென்றார். அதற்கடுத்த முறையும் வென்றார். வென்ற பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தால் குசினி வழியாகத்தான் வருவார், "என்ன மீன் தங்கச்சி?" என்று கேட்டுக்கொண்டு.

போன தேர்தலில் உன்னைத் தன் பக்கத்தில் நிறுத்தியது அவர்தான். கட்சியில் வேறு ஆட்களின் பெயர்கள் இருந்தன. என்னிடம் வந்து, "உங்கட மகனை எனக்குத் தாங்கோ, எனக்குப் பிறகு ஒரு படிச்ச பிள்ளை வேணும்" என்று கேட்டார். எனக்குப் பிறகு என்றார், மகன். எனக்குப் பதிலாக என்று அல்ல. முதலில் நீங்கள் இருவரும் ஒரே வாகனத்தில்தான் போனீர்கள். இரண்டு இலக்கத்துக்கும் போடுங்கோ என்று இருவரும் கேட்டீர்கள். கடைசிக் கிழமை உன் பெடியள் என் குசினியில் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டபோது ஜெறோம் அவர்களுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "ஒற்றைப் புள்ளடி எண்டு மட்டும் சொல்லுங்கோ. கிழவனுக்கும் போட்டா நம்மட ஆள் அடிபட்டுப் போவார்." நான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ கண்ணாடியைப் பார்த்துத் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு சொன்னாய், "அம்மா, இது கணக்கு. உங்களுக்கு விளங்காது." உன் அப்பாவின் மீன் வாடி வியாபாரம் கவிழாமல் இருந்தது என் கணக்கால்தான் என்பது உனக்குத் தெரியும். எனக்குக் கணக்கு விளங்கும் மகன். நீ செய்ததுதான் விளங்கவில்லை.

கட்சிக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரே ஓர் ஆசனம்தான் வந்தது. சொற்ப வாக்கில் அது மாமாவுக்குப் போனது, அடுத்த ஆள் நீ. கீரியிலும் அக்கம்பக்கத்திலும் அவருக்கு எப்போதும் விழுகிற வாக்கு விழவில்லை என்று பெட்டி திறந்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகும் ஒரு முறை குசினி வழியாக வந்தார். என்ன மீன் என்று கேட்டார். நீ முன் அறையில் இருந்துகொண்டே வெளியே வரவில்லை. அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "தம்பிக்கு வேலை போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அவருக்கு இந்த மூச்சு வருத்தம் தொடங்கி, கொழும்பு ஆசுப்பத்திரியில் கிடக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். எம்.பி. ஒருவர் செத்தால் தேர்தல் இல்லை, அதே கட்சியில் அடுத்ததாக வாக்கு எடுத்தவர் உள்ளே போவார். நீ அதை எழுதவுமில்லை, கேட்கவுமில்லை. அந்தச் சட்டம் என் வீட்டு விறாந்தையில் வந்து குந்திக்கொண்டு, ஒரு மனுசனின் மூச்சை எண்ணுகிறது. நான் என்ன செய்ய? உன் அப்பா செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி கொண்டு போகிறார். "என்ன கேட்கிறீங்கள்?" என்று கேட்டேன். "நான் ஆரையும் சாகச் சொல்லிக் கேட்கேல்லை. என்ர மகனுக்கு நல்லது நடக்கட்டும் எண்டு கேட்கிறன். அதுவும் பிழையோ?" நான் சொன்னேன், "இப்ப ரெண்டும் ஒண்டுதானே." அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதே அந்தோனியாரிடம் நான் மாமாவின் சுகத்தைக் கேட்கிறேன். ஒரே வீட்டிலிருந்து போகிற இரண்டு மன்றாட்டு. என்னுடையது கேட்கப்பட்டால் உனக்கு இல்லை, அப்பாவுடையது கேட்கப்பட்டால் பிலோமினா அக்காவுக்கு இல்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. நான் பெற்ற பிள்ளைக்கு எதிராய் முழங்காலில் நிற்கிறேனோ என்று பயம் வருகிறது. நிறுத்தினால் ஒரு மனுசனைக் கைவிட்டதாகப் போகிறது. எனக்குத் தெரிந்த ஒரே கதவு அது, மகன். அதுவும் இப்போது எனக்குப் பூட்டிக் கிடக்கிறது.

கடைசியாய் நீ போன் எடுத்த அன்று நான் கேட்டேன், மாமாவைப் பார்த்தாயோ என்று. "எப்பிடி அம்மா போறது? போனா, செத்திட்டாரோ எண்டு பார்க்க வந்தவன் எண்டு சொல்லுவினம். போகாட்டி, நன்றி கெட்டவன் எண்டு சொல்லுவினம். ரெண்டுக்கும் பேச்சுத்தான்." உண்மைதான். இரண்டுக்கும் பேச்சு வரும். ஆனால் அவர் கண் முழித்துக் கேட்பது ஊரை அல்ல, உன்னை. பிலோமினா அக்கா இன்னும் எத்தனை தரம் அந்தப் பொய்யைச் சொல்லுவா? நீ வந்து போனதாய் அவர் நம்பிக்கொண்டு கிடக்கிறார். அந்த நம்பிக்கையோடு அவர் கண் மூடினால், நீ வாழ்நாள் முழுக்கப் போகாத இடத்துக்குப் போனவன் என்ற பெயரோடு இருக்க வேண்டும். அதை ஆரிடம் போய் நீ திருத்துவாய்?

அந்த ஆசனத்தை வேண்டாம் என்று சொல் என்று நான் கேட்கவில்லை. கந்தசாமி அண்ணைக்கு வாய்க்கால் வேணும், நசீர் நானாவுக்குக் காணி வேணும், ஆரோ ஒருத்தர் அங்கே இருந்து கேட்கத்தான் வேணும். நீ நன்றாகவும் செய்யக்கூடும். அதை நாங்கள் பிறகு இருந்து கதைப்போம். நான் கேட்பது ஒன்றுதான். அவர் உயிரோடு இருக்கும்போது நீ போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஜெறோமைக் கூட்டிக்கொண்டு போகாதே. போனை வெளியே எடுக்காதே, படம் ஒன்றும் வேண்டாம். கட்சிக்காரர் ஆரையும் கூட்டிக்கொண்டு போகாதே. ஒற்றைப் புள்ளடியைப் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்காதே, அவருக்கு உன்னைவிட நன்றாய்த் தெரியும். மாமா, நான் வந்திருக்கிறன் என்று சொல். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு நில். பேச முடியாமல் கிடந்தால் கையைப் பிடி. அக்கா உன்னை உள்ளே விடாவிட்டால் வெளியே வாங்கில் இரு, விடும்வரைக்கும் இரு.

போகாமல் சத்தியம் செய்துகொண்டு வந்தால் வீட்டுக் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத வரவில்லை. திறப்பேன். ஊர் மாலையோடு வந்து நிற்கும், நான் தேத்தண்ணீர் ஊற்றுவேன், ஜெறோம் கேட்ட பிஸ்கட்டையும் வைப்பேன். ஒரு வருசத்தில் எம்.பி.யின் தாய் என்று என்னைக் கூப்பிடுவது எனக்குப் பழகிவிடும். அதுதான் என் பயம். உன் அப்பாவுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது. நேற்று அவர் முகத்தைத் திருப்பிச் சிரித்தபோது, நாற்பது வருசம் என்னோடு வாழ்ந்த மனுசனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீயும் அப்படி ஆகிவிட்டால் நான் இந்த வீட்டில் ஆரோடு இருப்பேன்?

ஸ்ரெல்லா நாளை மத்தியானத்துக்குள் உன்னிடம் வந்துவிடுவாள். ஆசுப்பத்திரியில் ஆட்களை உள்ளே விடுவது பின்னேரம் என்று அக்கா சொன்னவ. ஆகவே நாளைக்கே போகலாம். போய்விட்டு எனக்கு ஒரு சொல் அனுப்பு, போனேன் என்று. போகவில்லை என்றாலும் அனுப்பு, நான் பிலோமினா அக்காவுக்குப் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும். பதிலைக் கெதியாய்ப் போடு, மகன்.

அம்மா